பம்ப் கொட்டகைக்கு ஒரு குண்டு பல்பு

எங்கள் தென் கரோலினா பக்கத்தில் கிணற்று மோட்டார் இருக்கும் சின்னக் கொட்டகையில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம். வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு. உறைபனியில் குழாய் வெடிக்காமல் காப்பது அதுதான். போன ஜனவரியில் பக்கத்துப் பண்ணை லேலண்ட் ஸ்பைவி, மத்திய அரசின் தடையால் கடையில் குண்டு பல்பு கிடைக்காமல் எல்.இ.டி. வாங்கி மாட்டினார். ‘அறுபது வாட்டுக்குச் சமம்’ என்று பெட்டியில் போட்டிருந்தது. கொட்டகை பளிச்சென்று இருந்தது, சூடுதான் இல்லை. குழாய் வெடித்து மோட்டாரும் போயிற்று. அவருடைய நாற்பது ஆடுகளுக்கும் ஐந்து நாள் என் வீட்டிலிருந்துதான் தண்ணீர் சுமந்தோம்.

“மோட்டார் உக்காந்து படிக்கட்டும்னு லைட்டு போட்ட மனுஷன்” என்று அவர் மனைவி நடீன் சர்ச்சில் எல்லோரிடமும் சொன்னாள்.

மார்ச்சில், மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. தென் கரோலினாவில் செய்து இங்கேயே விற்கும் குண்டு பல்புகளுக்கு வாஷிங்டன் மத்திய அரசின் அந்தத் தடை செல்லாது என்றது அது. முதலில் ஐந்து பேர் கொண்ட துணைக்குழு. அங்கே தோற்றால் கதை முடிந்தது. அடுத்த குளிருக்கும் லேலண்டுக்குப் பல்பு இல்லை. பேச மூன்று நிமிடம் கேட்டு எழுதிப்போட்டார். வண்டி ஓட்டியது நான்.

அவர் பேசி முடித்ததும் குழுத்தலைவி கேடன் கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸ்டர் ஸ்பைவி, நம்ம மாநிலத்துல இந்த பல்பை யாரு செய்றாங்க?”

“யாரும் இல்லீங்கம்மா.”

அறை சிரித்தது.

“அப்போ இல்லாத பல்புக்கு எதுக்குங்க சட்டம்?”

லேலண்டின் காது சிவந்தது. “தடை இருக்கறப்போ எவன் பட்டறை போடுவான்?”

பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். “நான் பியூலா மக்நைட். பல்பு ஃபேக்டரில பத்தொன்பது வருஷம், பல்புக்குள்ள எரியற கம்பி இழை மாட்டினேன். ஃபேக்டரியத்தான் மூடினாங்க. கை அப்படியேதான் இருக்கு.”

“உங்க பேரு பட்டியல்ல இல்லியேம்மா, உக்காருங்க.”

“உக்கார்றேன். சொன்னதை எழுதிக்கிட்டாப் போதும்.”

கேடன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

வாக்கெடுப்பில் இரண்டுக்கு இரண்டு. கடைசி வாக்கு தலைவியுடையது. “கோர்ட்டுல நிக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்” என்றார். “ஆனா செய்யத் தெரிஞ்சவங்க எதிர்லயே உக்காந்திருக்காங்க. ஆதரவு.”

இன்னும் முழுச் சபை இருக்கிறது, செனட் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் லேலண்ட் காதில் ஏறவில்லை. தாழ்வாரத்தில் பியூலாவின் பின்னால் ஓடினார்.

“அம்மா, இழை மாட்டக் கத்துக்க எத்தனை நாளாகும்?”

“கை நடுங்கலன்னா மூணு வாரம். உங்களுக்கா?”

“எனக்கு நடுங்குங்க. என் பொண்டாட்டிக்கு. அவ எதுக்குமே நடுங்க மாட்டா.”

பியூலா அவர் கையிலிருந்த பேச்சுத்தாளை வாங்கி, பின்பக்கத்தில் தன் தொலைபேசி எண்ணை எழுதினார்.