கடைசி டிஸ்க்

மெர்லின் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். 2009இல் அங்கே கம்ப்யூட்டர் என்றால் அவள் ஒருத்திதான். நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை, முன்பு கொடுத்த மருந்துகள், எது ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு எல்லாமே மாடிப்படிக்குக் கீழே இருந்த ஏ.சி. அறையின் சர்வரில் கிடந்தன. அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்துப்போனாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர்.

அன்று காலை முதல் டிஸ்க் செத்துப்போயிருந்தது.

"டாக்டர், ரெய்டுல ஒரு பிரச்சனை" என்று அவள் போய்ச் சொன்னதும் டாக்டர் வெங்கடாசலத்தின் முகம் வெளுத்தது.

"ரெய்டா? எத்தன பேரு வந்திருக்காங்க?"

"அய்யோ, அந்த ரெய்டு இல்ல டாக்டர். சர்வரு."

அவர் மூச்சு விட்டார். அவளால் விட முடியவில்லை. தனியாக எடுத்து வைக்கும் நகல் போன மாதத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களின் விவரமெல்லாம் இப்போது அந்த ஒற்றை டிஸ்க்கில் மட்டும்தான்.

சர்வரை அமைத்துக் கொடுத்த பிரவீன்குமார் விழுப்புரத்தில் இருந்தான். போனில் கூப்பிட்டாள்.

"புது டிஸ்க் எடுத்துக்கினு பஸ் ஏறிடுறேன். நான் வர்ற வரைக்கும் சர்வரத் தொடாத. விர்ச்சுவல் மெஷின்ல பண்ணிப் பழகிக்கினு இரு" என்றான்.

விர்ச்சுவல் மெஷின் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். அதற்குப் பொய் டிஸ்க்குகளைக் கொடுக்கலாம். கெடுத்தாலும் அழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மெர்லின் தன் மேசையில் அப்படி ஒன்றை உருவாக்கினாள். நிஜத்தைப் போலவே இருக்கட்டும் என்று டிஸ்க்குகளுக்கும் அதே பெயர்கள். இரண்டையும் சேர்த்து ரெய்டு அமைத்தாள். முதல் டிஸ்க்கைப் பழுது என்று குறித்தாள், கழற்றினாள், வேறொன்றைச் சேர்த்தாள். தகவல்கள் மெல்ல நகலாகி முடிந்தன. மறுபடியும் செய்தாள். பயம் கொஞ்சம் தணிந்தது.

நடுவில் லேப்பிலிருந்து, ரிப்போர்ட் வர நேரமாகிறது என்று போன் வந்தது. தன் மேசையிலிருந்தே நிஜ சர்வரின் திரையையும் பக்கத்தில் திறந்து பார்த்தாள். மெதுவாக இருந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியே எழுந்துபோய் வரவேற்பில் சிக்கியிருந்த பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு வந்தாள். இரண்டாவது டிஸ்க்கும் போனால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றியது. பொய் மெஷின்தானே. கட்டளையை அடித்து எண்டர் தட்டினாள்.

இரண்டாவது டிஸ்க் பழுது என்று குறிக்கப்பட்டதாகத் திரை சொன்னது. அப்போதுதான் அவள் பார்வை வரியின் தொடக்கத்துக்குப் போனது. அங்கே ஆஸ்பத்திரி சர்வரின் பெயர் இருந்தது.

இரண்டு திரையும் கறுப்பு. இரண்டிலும் வெள்ளை எழுத்து. தப்பான திரையில் அடித்திருக்கிறாள்.

ஏ.சி. அறைக்குள் ஓடிப்போய் சர்வரைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்போல ஒரு பைத்தியக்காரத்தனமான எண்ணம் வந்தது. போனை எடுத்தாள்.

"பிரவீனு, ரெண்டாவது டிஸ்க்க ஃபெயில் பண்ணிட்டேன். நெசமான சர்வர்ல."

பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் தாழ்ந்து வந்தது. "இன்னா மெர்லினு இது... கைய எடு. எதையும் அடிக்காத. ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிடாத. நான் விக்கிரவாண்டி தாண்டிட்டேன்."

"எல்லாம் போயிடுச்சா?"

"தெரியலம்மா."

அவள் போனை வைக்கவும் நர்ஸ் சகாயசெல்வி கதவைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

"மெர்லினு, ஜல்தியா ஒரு ஃபைல் எடு. பிரம்மதேசத்துப் பொண்ணு, செண்பகம். நெறமாசம். ரத்தமா போவுது, ஆபரேஷனுக்கு எடுக்கறோம். ரெண்டு வாரத்துக்கு முன்ன இங்கதான் காட்டியிருக்கா. அப்ப ஏதோ ஊசி போட்டு மூச்சு அடச்சிக்கிச்சாம். எந்த ஊசின்னு அவ புருஷனுக்குத் தெரியல. அவளோ நெனவில்லாம கெடக்கறா."

கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். காலையிலேயே டிஸ்க் போனது எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணம் வந்ததே அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இருந்த ஒரு டிஸ்க்கையும் கெடுத்துட்டேன்னு நெனக்கறேன். தெறக்குமான்னு தெரியல. தெறந்தா இருக்கறதும் போயிடுமோன்னு பயமா கீது."

சகாயசெல்வி விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினாள். "தெறந்து பாரு. வரலன்னா வரலன்னு டாக்டர்கிட்ட போய்ச் சொல்றேன். நின்னுக்கினே இருக்காத."

மெர்லின் பெயரை அடித்தாள். திரையில் சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "மாதாவே" என்று சகாயசெல்வி முணுமுணுத்தாள். பக்கம் வந்தது. செண்பகம், கணவர் பெயர் சின்னதுரை, பிரம்மதேசம். கீழே சிவப்பு எழுத்தில் ஊசியின் பெயர்.

சகாயசெல்வி அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடினாள்.

ஆனாலும் மெர்லினுக்கு உயிர் திரும்பவில்லை. டிஸ்க்கில் இல்லாமல் போனதையும் கம்ப்யூட்டர் தன் நினைவிலிருந்து கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த ஃபைல் வராமல் போகலாம். பிரவீன்குமார் வந்து சேரும்வரை கைகளை மடியில் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, ரெய்டின் நிலவரத்தைக் காட்டும் கட்டளையை அடித்தான். முதல் டிஸ்க் செத்துத்தான் கிடந்தது. இரண்டாவது உயிரோடு இருந்தது.

"பழுதுன்னு குறிச்சிட்டேன்னு அதுவே சொல்லிச்சே!"

"சொல்லியிருக்கு, ஆனா பண்ணல. கடைசி டிஸ்க்க அது விடாதுபோல. எனக்கே இப்பதான் தெரியுது." அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பஸ்ல நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும்."

முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்தது என்று செய்தி வரும்வரை சர்வரை அணைக்க மெர்லின் விடவில்லை. அணைத்த பிறகு வேறு பயம். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. உயிரோடு இருப்பதைக் கழற்றிவிட்டால்? அணைப்பதற்கு முன்பே நல்ல டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் திரையிலிருந்து குறித்து வைத்திருந்தாள். அவள் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, அவன் டார்ச் அடித்து லேபிளோடு ஒப்பிட்டான். திரும்பவும் படிக்கச் சொன்னான். பிறகுதான் மற்றதைக் கழற்றினான்.

புது டிஸ்க்குக்கு நகலாகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. பொழுது சாயும் நேரத்தில் நகல் முடிந்தது.

மெர்லின் நேரே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அந்த ஊசியத்தான் போட இருந்தோம்" என்றார் அவர். "தெனமும் நகல் எடு. வேற எதுவும் சொல்லத் தோணல. போம்மா."

வெளியே வராந்தாவில் செண்பகத்தின் கணவன் சின்னதுரை நின்றுகொண்டிருந்தான். வயலிலிருந்து அப்படியே வந்தவன். கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. பெண் குழந்தை. எடை குறைவு என்று புதுச்சேரிக்கு அனுப்பியிருந்தார்கள். தாய் கண் விழித்துவிட்டாள்.

"நர்சம்மா சொன்னாங்க. நீங்கதான் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொன்னீங்களாமே" என்று கும்பிட்டான்.

மெர்லின் அவன் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவள் கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் அதைக் கவனித்து, "உக்காருங்கம்மா, தண்ணி எடுத்தாறேன்" என்று குழாயடிக்கு ஓடினான்.