ஆள் வேண்டாத மெஷின்

அந்தக் காப்பிக்கொட்டை வறுக்கிற மெஷினுக்கு இரண்டே குணம்தான். எரிந்தால் எரிமலை, அணைந்தால் பிணம். மிதமான சூடு என்கிற பேச்சே கிடையாது. போதாததற்கு, புகை போக வேண்டுமென்று மெஷின் சன்னலோரம் இருந்தது. அதன் சுவிட்ச் சமையலறையின் எதிர்ச் சுவரில். அதனால் வறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கண்ணாடி வழியே உருளைக்குள் கொட்டையின் நிறத்தையே பார்த்துக்கொண்டு "அணை", "போடு" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர் சுவிட்சில் கை வைத்து நிற்க வேண்டும். ஒரு வினாடி அசந்தால் வெளியே கரி, உள்ளே பச்சை.

மெஷினுக்குச் சொந்தக்காரரான லிஃப்ட் மெக்கானிக் பார்ப்பார், அவர் மனைவி சுவிட்சைப் பிடிப்பாள். பிள்ளைகள் இல்லை. அவள் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்ட பிறகு மெஷின் துணி போர்த்திக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். கோடவுன் சூப்பர்வைசர். கல்யாணம் என்றாலே காத தூரம் ஓடுகிறவன். அக்கா வீடுதான் அவனுக்கு வீடு. வந்தவன் துக்கம் எதுவும் பேசவில்லை. துணியை உருவிப் போட்டுவிட்டு, "வாங்க மச்சான், நான் பிடிக்கிறேன்" என்று அக்கா நிற்கிற இடத்தில் போய் நின்றான். அன்றிலிருந்து ஞாயிறு தவறியதில்லை. மெக்கானிக் அவனுக்கு மின்துறை மந்திரி என்று பேர் வைத்தார்.

"மந்திரிக்கு ஒரு காப்பி கூட கிடையாதா?" என்பான்.

"கரண்ட்டை ஒழுங்கா அணைக்கத் தெரியல, காப்பி ஒண்ணுதான் குறைச்சல்" என்பார் இவர்.

அரசியல், கோடவுன் மேனேஜர் கழுத்தில் கட்டுகிற டை, எந்த லிஃப்டில் எந்தப் பெரிய மனிதர் மாட்டிக்கொண்டார் என்று வாய் ஓயாது. நடுவில் எப்போதாவது, "அக்கா இருந்தா இன்னும் கொஞ்சம் கருக்க விடச் சொல்லியிருப்பா" என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மெக்கானிக் அடுத்த வாரம் வரை ஓட்டிவிடுவார்.

ஒரு நாள் நல்ல மழை. இரண்டு பஸ் மாறி, தெப்பலாக நனைந்து, இருமிக்கொண்டே வந்து சுவிட்ச் பக்கத்தில் நின்றான். மெக்கானிக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதையும் நம் கொட்டைக்காகப் பாழாக்குகிறானே. வாய் திறந்து அவனிடமே கேட்டிருந்தால் கதை வேறு. ஆனால் கை வேலை தெரிந்த ஆசாமிக்கு வாய் வேலை வராது. இவர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

மாலை வேளைகளில் உட்கார்ந்து மெஷினைப் பிரித்தார். முன் தகட்டில் துளை போட்டு, கொட்டையின் சூட்டை அளக்கிற கம்பியை உள்ளே விட்டார். சொன்ன சூடு வந்ததும் மின்சாரத்தை வெட்டுகிற பெட்டி ஒன்றை மாட்டினார். அது வெட்டிய பிறகும் சூடு கொடுக்கிற கம்பிச்சுருள் பழுத்தே கிடந்ததால் சூடு மேலே மேலே ஏறி முதல் வறுவல் தீய்ந்தது. உடனே வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு, மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைக்கிற ரெகுலேட்டரைச் சேர்த்தார். கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கும்போது சூடு தானாக இறங்கியது. வெளியிலும் உள்ளேயும் ஒரே நிறம். தட்டில் கொட்டிப் பார்த்துவிட்டுத் தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

அந்த ஞாயிறு அவனை நாற்காலியில் உட்கார வைத்து, மெஷினை ஓட்டிக் காட்டினார். அவன் பழக்க தோஷத்தில் சுவிட்சுக்கு எழப்போனான்.

"உக்காருடா! ஆளே தேவையில்ல. இனிமே நீ இதுக்காக இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்ல, மாப்ளே."

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்ப பதவி போச்சா?" என்று சிரித்தான். காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். அந்த வீட்டில் அவன் ஒரு நாளும் தம்ளர் கழுவியவன் இல்லை. மெக்கானிக் அதைப் பார்த்தார். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அப்பேர்ப்பட்ட புத்திசாலி.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. போன் செய்தால், "கொஞ்சம் வேலை மச்சான்." மெஷின் மட்டும் குறை வைக்காமல் வறுத்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அது வறுப்பதைப் பார்த்தார். பேச ஆளில்லாத சமையலறையில் உருளை சுற்றுகிற சத்தம் சகிக்கவில்லை. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆளைத் தன் கையாலேயே வெளியே அனுப்பிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு பொட்டலம் கொட்டையைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவு திறந்திருந்தது. உள்ளே எல்லாம் அட்டைப்பெட்டி. அவன் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நானே வந்து சொல்லணும்னு இருந்தேன் மச்சான். மாத்தல். வெளியூர் கோடவுன். மதியம் லாரி வருது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"முன்னாடியும் ரெண்டு தடவை கேட்டாங்க. உங்களை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு முடியாதுன்னுட்டேன். இந்தத் தடவை கேட்டப்ப, சொல்றதுக்குக் காரணம் இல்லையே."

மெக்கானிக் பொட்டலத்தைப் பெட்டி மேல் வைத்தார். "மெஷினுக்குத்தான்டா நீ வேண்டாம். எனக்கு வேணும். நீ மழையில இருமிக்கிட்டே வந்தியே, அது பொறுக்காமத்தான் செஞ்சேன்."

டேப் ஒட்டுகிற கை நின்றது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் என்னமோ, அக்கா போயிட்டா, இனிமே இவன் எதுக்குன்னு நினைச்சிட்டீங்களோன்னு... இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே."

கீழே லாரி ஹாரன் அடித்தது. பெட்டிகளை அவனே இறக்கினான். பீரோ மட்டும் ஒற்றை ஆளுக்கு அசையாது. "கீழ்ப் பக்கம் பிடிங்க" என்றான். இவர் பிடித்தார்.

"தூக்கு."

"கொஞ்சம் இறக்குங்க."

"நில்லு, சுவர் இடிக்குது. ம், இப்ப விடு."

ஒவ்வொரு படியிலும் இருவரும் குரல் கொடுத்துக்கொண்டே இறங்கினார்கள். மூன்று மாடிப் படியும் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று மெக்கானிக் பீரோவைக் கீழே வைக்காமல் பிடித்தபடியே நின்றார்.