அனுசுயா மாற்றிய பேட்டரி

“நேத்து வரைக்கும் நல்லா இருந்த சாவிய நீ எதுக்குப் பிரிச்ச, அத மொதல்ல சொல்லு…”

“பேட்டரி தீந்துகினு வந்துச்சு பாவா, அதான்…”

“கடையில குடுத்திருந்தா அவன் மாத்திக் குடுத்திருப்பான்…”

“கடைக்காரரும் இதேதான பண்ணுவாரு, அதுல இன்னா…”

“இன்னாவா? கதவு தொறக்கல. அதான் இன்னா.”

குணசேகரன் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். திருத்தணி மலைமேல், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், மாலையும் சந்தனப் பொட்டுமாக அந்த வெள்ளைக் கார் கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் நின்றது.

அது அனுசுயாவின் கார். கே.ஜி.கண்டிகைப் பக்கம் சத்துணவு மையத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. இன்னொருத்தர் ஓட்டிய வண்டிதான், ஆனால் அவளுக்குப் புதுசு. ஐம்பது தாண்டின பிறகு ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தவள் அவள். மலையேறும்போது மட்டும், ஏத்தம், வளைவு, புதுக் கை என்று அடுக்கி, அக்கா புருஷன் குணசேகரன் சாவியை வாங்கிக்கொண்டார். இறங்கும்போது அவள்தான் ஓட்டுவது என்று பேச்சு. அந்த இறக்கத்தை நினைத்து ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது குணசேகரன் போனைக் கையில் எடுத்துவிட்டார். கனகம்மாசத்திரத்தில் தெரிந்த டிரைவர் ஒருத்தன் இருக்கிறானாம். அவன் வந்து திறப்பானாம், அவனே கீழே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவானாம். பெண் பிள்ளை நோண்டின பொருளை நம்பி மலையில் இறங்க முடியாது என்று அவர் சொல்ல, அக்கா பத்மா புருஷனையும் பார்த்தாள், தங்கையையும் பார்த்தாள், யார் பக்கமும் சேராமல் கோபுரத்தைப் பார்த்தாள். அனுசுயாவின் கணவர் கோதண்டம் சுவரோரம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தவிர எதையும் தொட்டறியாத மனுஷர்.

பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமோ? அனுசுயா நேற்றுச் செய்ததை ஒவ்வொன்றாக மனசில் ஓட்டிப் பார்த்தாள்.

கொஞ்ச நாளாகவே அந்தச் சாவி முரண்டு பிடித்தது. வாசல் கேட்டிலிருந்து அழுத்தினாலே திறந்த வண்டி, பக்கத்தில் வந்தால்தான் திறந்தது. அப்புறம் பக்கத்தில் வந்தும் இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னச் சாவிப் படம் ஒன்று எரிந்து எரிந்து அணைந்தது. பழைய சொந்தக்காரர் வாங்கின நாளிலிருந்து பேட்டரியே மாற்றவில்லையாம். பஜாரில் அஃப்தாப் பாயின் வாட்ச் கடையில் காசு போலத் தட்டையான அந்தப் பேட்டரியை வாங்கினாள். நானே போட்டுத் தர்றேன்மா என்று அவர் கை நீட்டியும் கொடுக்கவில்லை. வீட்டில் துண்டை விரித்து, சாவியை நெம்பித் திறந்து, பழைய பேட்டரி எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் வைத்து அழுத்தி மூடினாள். கேட்டிலிருந்து பொத்தானைத் தட்டியதும் விளக்கு கண் சிமிட்டியது. அதைப் பார்க்க வைப்பதற்கே கோதண்டத்தை மாட்டுக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள்.

இல்லை. தலைகீழாகப் போட்டிருந்தால் நேற்றே திறந்திருக்காதே. இன்று காலையிலும் திறந்தது. வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கின பிறகு பூட்டவும் செய்தது. பூட்டின சாவியைச் சாமிகிட்ட வைக்கப் பாவாதான் எடுத்துக்கொண்டு போனார்.

“சாமிகிட்ட சாவிய எப்டி வெச்சீங்க பாவா?”

“எப்டி வெப்பாங்க? அர்ச்சனைத் தட்டுலதான்.”

“தேங்காவோடயா?”

“தேங்கா, பழம், பூ எல்லாத்தோடயும்தான். ஐயரு ஒடைச்சு அதுலயேதான வெச்சுக் குடுத்தாரு. நல்லா மனசாரக் கும்பிட்டுத்தான் எடுத்துகினு வந்தேன்.”

அனுசுயா சாவிக்காகக் கை நீட்டினாள். சாவி பிசுபிசுத்தது. ஓரத்தில் இருந்த சின்னக் கொக்கியைத் தள்ளியதும் உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று நழுவி வந்தது. இருபது வருஷமாக வண்டி ஓட்டும் குணசேகரன் குனிந்து பார்த்தார்.

“அதுக்குள்ள ஒரு சாவியா கீது?”

“ஆங். கதவத் தொறக்கலாம். இத வெச்சே மேல்கூட்ட நெம்பித் தொறக்கவும் ஆவும்.”

நெம்பினாள். இரண்டாகப் பிரிந்த கூட்டுக்குள் குங்குமம் கரைந்த தேங்காய்த் தண்ணீர் தேங்கி நின்றது. பத்மா எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அனுசுயா பூஜைக் கூடையிலிருந்து புதுத் திரி எடுத்து மூலை முடுக்கெல்லாம் ஒற்றினாள். பேட்டரியை விளிம்பில் பிடித்துத் துடைத்தாள். வெயிலில் நன்றாகக் காட்டி, கூட்டல் குறி மேலே தெரிய வைத்து மூடினாள். நாலு வண்டி தள்ளிப் போய் நின்று, அங்கிருந்து அழுத்தினாள்.

மாலைக்கு நடுவே விளக்கு இரண்டும் மினுக்கின.

கோதண்டம் இலையை மடித்துவிட்டு எழுந்தார். பக்கத்துக் கார்க்காரர்கள் கேட்காமலே அவர்களிடம் போய், என் சம்சாரம்தான், வண்டியும் அவளோடதுதான், ஓட்டறதும் அவதான் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனுஷர் முன்பின் தெரியாதவர்களிடம் இத்தனை பேசி அனுசுயா பார்த்ததில்லை. அவளுக்குத் தலை தானாக நிமிர்ந்தது.

குணசேகரன் டிரைவர் பக்கத்துக் கதவோரம் கை நீட்டிக்கொண்டு நின்றார். முதல் வளைவை மட்டும் நான் இறக்கிக் கொடுக்கிறேன் என்றார், இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கி.

அனுசுயா அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஏறி, சீட்டை முன்னால் இழுத்தாள். புடவையை ஒதுக்கி, பிரேக்கில் காலை வைத்து, பொத்தானை அழுத்தினாள். வண்டி உறுமியது. கண்ணாடியை இறக்கினாள்.

“முன்னாடி அவரு உக்காரட்டும் பாவா. நீங்க அக்காவோட பின்னாடி ஏறிக்கோங்க.”