வாட மறந்த செடிகள்

எங்கள் ஆய்வுக்கூட இயக்குநருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'எல்லாம்சரி'. யார் என்ன குறை சொன்னாலும் அவர் பதில் அதுதான். அவர் கண்டுபிடித்த தெளிப்பு மருந்தும் அவரைப் போலவே. வறட்சி வந்தால் இலையின் உயிரணுக்களில் பெராக்சைடு என்ற பதட்ட ரசாயனம் ஊறும். மருந்து அதைத் துடைத்துவிடும்.

சில இலைகளைப் பறித்து வாடவிட்டுச் சாயத்தில் ஊறவைத்துப் பார்த்தோம். பெராக்சைடு இருந்தால் பழுப்பாகும். மருந்து படாத இலை பழுப்பேறிக் கிடந்தது. பட்ட இலையில் ஒரு புள்ளி இல்லை.

"பாத்தியாம்மா, பதட்டமே இல்ல!" என்று கைதட்டினார். "அறிக்கைய முடிச்சுக் குடு. உன் வேலை நீட்டிப்புக் கடிதத்துல அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

வருடக்கணக்காக ஒப்பந்தத்தில் தொங்குகிறவள் நான். தலையாட்டினேன்.

அடுத்து, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்தினோம். மருந்து படாத செடிகள் வளர்ச்சியை நிறுத்திவிட்டு உம்மென்று இருந்தன. பட்டவையோ புதுத் துளிர் விட்டன. இயக்குநர் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், துளிர் விட்டவையெல்லாம் சுருண்டு செத்திருந்தன. உம்மணாமூஞ்சிகள் உயிரோடு இருந்தன.

கூடத்தில் உதவிக்கு இருக்கும் அக்கா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள். "இலையோட வாயெல்லாம், அந்தச் சின்னச் சின்னத் துளையெல்லாம், ஆன்னு திறந்தே கெடக்கு. மண்ணு காயுது, மூடுன்னு சொல்றதே அந்தப் பெராக்சைடுதான். அதைத் துடைச்சிட்டா யாரு சொல்லுவா? இருந்த ஈரமும் ஆவியாப் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பயந்து வாயை மூடினதெல்லாம் பிழைச்சிருக்கு பாரு. நீயும் மூடிக்கோ கண்ணு."

என் வீட்டுக்காரரும் போனில் அதையேதான் சொன்னார். "அவர் கேக்கறத எழுதிக் குடுத்துட்டு வந்துடு, தாயே."

இயக்குநர் அசரவில்லை. "சாகறவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு சார்."

"அப்போ அதுவரைக்கும் எழுது."

'சரி சார்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்குக் கோபமே வராது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைக் குணம் என்று நம்பியிருந்தேன். இப்போது அடிவயிற்றில் ஏதோ ஊறி மேலே ஏறியது. பயந்த செடி வாயை மூடுமாம். எனக்குப் பயத்தில்தான் வாய் திறந்தது.

"செத்துப்போச்சுன்னும் எழுதணும் சார்."

"கை ஏம்மா இப்படி நடுங்குது? போய்த் தண்ணி குடி."

"குடிச்சிட்டு வந்து எழுதறேன் சார்."

அவர் நீட்டிப்புக் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். முதல் வரியில் மூன்று எழுத்துப்பிழை.