சில்லர் ரூம் பிள்ளையாருக்குச் சாத்திய பூ

முகட்டுச் செடி பூக்கவில்லை என்று அறிக்கை எழுதியவள் நான். எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. என்னோடு ஆய்வு செய்யும் வெங்கடேஷ் அதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மனிதர், “சரி முனீரா, உள்ளதத்தானே எழுத முடியும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வீட்டுக்குள் போய்ச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்கூர் என்று ஒரு மலை. அதைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு புதர்ச்செடி அங்கே உண்டு, பெயர் சாம்பல்தழை. ஒரே மலையில் அது இரண்டு விதமாக வளர்கிறது. உச்சி முகட்டின் ஓயாத காற்றில் முழங்காலுக்கு மேல் எழும்பாது. இலை சட்டைப் பொத்தான் அளவு, மேலே சாம்பல் பூசினாற்போல வெள்ளை ரோமம். கீழே ஓடைப் பள்ளத்தில் அதுவே ஆள் உயரம் வளரும். இலை உள்ளங்கை அகலம், ரோமமே கிடையாது. பள்ளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முகட்டில் நூறுகூடத் தேறாது.

அந்த முகட்டில் காட்சிமேடை கட்டிச் சாலை போட ஒரு திட்டம் வந்திருந்தது. இரண்டும் ஒரே செடிதான், காற்றும் வெயிலும்தான் ஒன்றைக் குட்டையாக்குகின்றன என்றால், சாலையைப் போட்டுவிட்டுப் பள்ளத்து நாற்றுகளை வேறொரு முகட்டில் நட்டுச் சரிக்கட்டிவிடலாம். பிறவியிலேயே வேறு என்றால் முகட்டில் கை வைக்க முடியாது. திங்கட்கிழமை அதற்கான நிபுணர் குழு கூடி முடிவெடுப்பதாக இருந்தது.

வேறுதான் என்பது வெங்கடேஷின் கட்சி. தமிழ்நாட்டில் படித்த காலத்திலேயே அந்த முகட்டில் கூடாரம் போட்டுக் கிடந்தவர். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சுத்தான். நான் இங்கேயே தேக்காவில் பிறந்து பொங்கோலில் குடியிருப்பவள். எனக்கு மலை என்றால் எங்கள் ஊர்க் குன்று புக்கிட் தீமாதான். பார்க்காததை நம்பமாட்டேன். ஆகவே இரண்டு இடத்து விதைகளையும் முறையாக அனுமதி வாங்கி வரவழைத்து, எங்கள் ஆய்வுக்கூடத்தின் குளிரூட்டிய கண்ணாடி வீட்டில் வளர்த்தோம். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற வித்தியாசம்தான் பிறவி வித்தியாசம்.

முகட்டுச் செடிகள் வெங்கடேஷின் மானத்தை வாங்கின. காற்றில்லாத சுகத்தில் மளமளவென்று உயர்ந்தன. ரோமம் குறைந்தது, இலை அகன்றது. தொட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்க்காமல் எது எந்த ஊர் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை பூ. மலையில் முகட்டுச் செடி முந்திப் பூக்கும், பள்ளத்துச் செடி மாதக்கணக்கில் பிந்தும். அதுவும் வெயில் மழையின் வேலைதான் என்றேன் நான். கண்ணாடி வீட்டுக்குள் வெயில்காலம் ஏது, மழைக்காலம் ஏது? இங்கேயும் இரண்டும் தனித்தனிக் காலத்தில் பூத்தால் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். இப்போது பள்ளத்துச் செடிகள் பூக்கத் தொடங்கிவிட்டன. முகட்டுச் செடிகளில் ஒரு பூவைக்கூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. இலைக்கடியில் முனை போன காம்புகள் மட்டும் அங்கங்கே நின்றன. நத்தை தளிரைத் தின்கிறது என்று முடிவுகட்டி நான் பொறிகூட வைத்தேன். ஒரு நத்தையும் விழவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் பஞ்சவர்ணம் அக்காவின் சில்லர் ரூமில் போய் உட்கார்ந்தோம். கண்ணாடி வீட்டைக் குளிரவைக்கும் இயந்திரங்களுக்கு அவர்தான் டெக்னீஷியன். சொந்த ஊர் திருவையாறு. விடிவதற்குள் வந்துவிடுவார். முன்பு ஒருமுறை இயந்திரம் நின்றுபோய்ப் பாதிச் செடிகள் வாடியபோது சுவரில் ஒரு பிள்ளையார் படத்தை மாட்டினார். அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. நான் ஐந்து வேளை தொழுகிறவள், எனக்கு அதில் அபிப்பிராயம் கிடையாது. ஆனால் படத்தை எடுக்கச் சொல்லும் துணிச்சல் எங்கள் டைரக்டருக்கே இல்லை.

“ஏன் தம்பி, மொகம் இப்படித் தொங்கிப் போச்சு?” என்று வெங்கடேஷிடம் கோப்பியை நீட்டினார் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. திங்கக்கிழம மீட்டிங்.”

“பிள்ளையார வேண்டிக்கங்க, நடக்கும். நான்தான் அவருக்கு ஒழுங்கா பூ வைக்கல. முன்னெல்லாம் தெனமும் காலையில நம்ம வீட்லயே கெடைக்கும். இப்ப அது நின்னு போச்சு. தேக்காவுக்கு ஓட வேண்டியிருக்கு.”

“நம்ம வீடுன்னா?” என்றேன்.

“கண்ணாடி வீடுதாம்மா. எலைக்கு அடியில சின்னதா ஊதாப் பூ. விடியும்போது விரியும், நீங்க ஒம்பது மணிக்கு வர்றதுக்குள்ள நான் பறிச்சு வச்சிடுவேன்.”

வாய்க்குக் கொண்டுபோன கோப்பியை வெங்கடேஷ் கீழே வைத்தார். “எந்தத் தொட்டில அக்கா?”

“மஞ்சச் சீட்டு ஒட்டியிருக்கே, அதுல மட்டும்தான். பச்சச் சீட்டு கஞ்சப் பிசினாறி, அப்ப ஒண்ணுகூடத் தரல. இப்பத்தான் பூக்குது, அதையும் நீங்க எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க.”

மஞ்சள் சீட்டு முகடு. பச்சை, பள்ளம்.

“செடியத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்லா!” என்று கத்தியேவிட்டேன்.

“எலையத் தொடக் கூடாதுன்னீங்க. தொட்டேனா? பூவப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே.”

நத்தைக்குப் பொறி வைத்த என்னை எதால் அடிப்பது?

வெங்கடேஷின் முகத்தில் வந்த வெளிச்சம் அடுத்த நொடியே போய்விட்டது. பூத்தது சரி, காட்டுவதற்குப் பூ வேண்டுமே. “பறிச்சதெல்லாம் குப்பைக்குப் போயாச்சா அக்கா?” என்றார்.

அக்காவுக்கு வந்ததே கோபம். “சாமிக்குச் சாத்துன பூவ யாராச்சும் குப்பையில போடுவாங்களா? ஆத்துல விடணும். இங்க ஆத்துல போட்டா ஃபைன் போடுவான். ஊருக்குப் போறப்ப காவேரில விடலாம்னு எடுத்து வச்சிருக்கேன்.”

இயந்திரத்தின் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. உள்ளே பொட்டலம் பொட்டலமாகப் பூ. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்துப் பூவைத் தமிழ்ப் பேப்பரின் ராசிபலன் பக்கத்தில் பரப்பி மடித்திருந்தார். இயந்திரத்தின் சூட்டில் ஊதா நிறம்கூட மங்காமல் அப்பளமாகக் காய்ந்திருந்தன. தாளின் தலைப்பில் தேதி அச்சாகியிருந்தது. கடைசிப் பொட்டலத்துத் தேதிக்கும், பள்ளத்துச் செடி முதல் பூ விட்டதற்கும் நடுவே மாதங்கள் ஓடியிருந்தன.

செடியைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நாங்கள் செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் அலமாரிக்காகச் செய்வதை அக்கா காவேரிக்காகச் செய்திருந்தார். வெங்கடேஷ் ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று, நத்தை உட்பட எல்லாவற்றையும் அப்படியே புதிதாக எழுதினேன். திங்கட்கிழமை திரையில் தெரிந்த குழுவுக்கு முன்னால் அக்காவும் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்து, எந்தத் தொட்டி, எந்தப் பூ என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். குழுத்தலைவர் பொட்டலத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கன்னி ராசிக்கு அந்த வாரம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்றார். வெளிச்சமும் தண்ணீரும் ஒன்றாக இருந்தும் தன் காலத்தை விடாத செடி பிறவியிலேயே வேறுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். முகட்டுக்கு வேலி வந்தது, சாலை வரவில்லை.

டின்னைத் திருப்பித் தருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அது சாமி பூ என்றார் அக்கா. அத்தாட்சி என்றேன் நான். கடைசியில் சில பொட்டலங்கள் அலமாரிக்குப் போயின, மீதியை அக்கா அடுத்த விடுப்பில் காவேரியில் விட்டுவிட்டு வந்தார். கண்ணாடி வீட்டில் இனி ஒரு பூவையும் பறிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் ஆனது. பதிலுக்குப் பிள்ளையாருக்குப் பூ வாங்கித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது வேலை முடிந்து போகும் வழியில் தேக்காவின் பஃபலோ ரோட்டில் இறங்கி மல்லிகை வாங்குகிறேன். நேற்று பூக்கடைக்காரர் என் தலைத்துணியைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தப்பா நெனைக்காதீங்க. எந்தக் கோயிலுக்கும்மா இது?”

“கோயிலுக்கு இல்லண்ணே,” என்றேன். “ஒரு மலைக்கு.”

அவர் ஒரு முழம் கூடவே அளந்து கொடுத்தார்.