கிழக்கே சாயும் நிழல்

டெக்லா மாவட்டத்தில் சொந்த நிழல் உள்ள விவசாயி ஒரே ஒருவர்தான். அவர் ஆர்வில் ஹவ்லிக். இதைச் சொன்னவரும் ஆர்வில் ஹவ்லிக்தான் என்றாலும், நெப்ராஸ்காவின் இந்த மூலையில் அதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் இல்லை. அரசு மானியப் பட்டியலில் பெயர் ஏறிய மறுநாள் ஒருவருடைய நிழல் வாஷிங்டன் இருக்கும் கிழக்குத் திசைக்குத் திரும்பிவிடும். சூரியன் எங்கே நின்றாலும் அது அங்கேதான் கிடக்கும். மாலையில் எல்லோருடைய நிழலும் எப்படியும் கிழக்கேதான் விழும் என்பதால் கல்யாணம், மாட்டு ஏலம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை எல்லாம் ஐந்து மணிக்கு மேல் மாறி இருபது வருடமாகிறது. பாதிரியார் காரணம் கேட்கவில்லை. தேவாலயத்துக்கும் நாற்பது ஏக்கர் மக்காச்சோளம் உண்டு.

மாற்ற முடியாமல் போனது காலைக் காபி மட்டும். ஆறரைக்கு ட்ரிக்ஸி கடையில் பகடை உருட்டுவார்கள்; தோற்றவர் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் காபி வாங்க வேண்டும். வராதவரைப் பற்றித்தான் அன்றைய பேச்சு என்பதால் யாரும் வராமல் இருப்பதில்லை. தானியக் கிடங்கின் கோபுரத்தடியில் வண்டியை நிறுத்துவார்கள். கோபுரத்தின் நிழல் மேற்கே கடையை நோக்கி நீண்டு கிடக்கும். அந்த நிழல் பட்டைக்குள்ளேயே ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். ஜூலையில் வாசலுக்கு மூன்றடி முன்னால் பட்டை முடிந்துவிடும். அதை மட்டும் ஒரே தாவலில் கடப்பார்கள். உள்ளே உட்கார்ந்து ஒருவரையொருவர் சந்தேகப்படுவார்கள். மைலோ ட்வெட்டின் நிழலுக்கு நான்கு தலை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஃப்ளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மூன்று மச்சினர்களையும் அவர் பண்ணைப் பங்காளிகள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆர்வில் வெயிலில் நடப்பார், தன் நிழலை முன்னால் நடக்கவிட்டு.

“சர்க்கார் ரோட்டுல பாத்துப் போங்கப்பா, கால வெளிய வெச்சிராதீங்க. யோவ் மைலோ, தாவு தாவு. இன்னிக்கு எந்தத் தலைக்குக் காபி?”

“உனக்கென்ன ஆர்வில், ஆலங்கட்டி இன்னும் உன் வயலப் பாக்கல” என்பார் மைலோ.

ஜூன் ஒன்பதாம் தேதி பார்த்தது. பன்னிரண்டு நிமிடத்தில் அவருடைய கோதுமை முழுவதும் படுத்துவிட்டது. ஓடைக்கரை நூற்றறுபது ஏக்கர் வங்கியில் அடமானம். ஜூலை பதினைந்துக்குள் நிவாரண மானியத்துக்கு எழுதிப் போடாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மனைவி லோர்னா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மைலோ நம்ம வேலியோரமா காலடி வெச்சு அளந்துட்டுப் போறான். வாய்விட்டு எண்ணறான் வேற.”

“என் நிழல் என்ன ஆவுறது லோர்னா?”

“அத வெச்சு நான் என்ன, ஊறுகாயா போட?”

பதினைந்தாம் தேதி ஆர்வில் மானிய அலுவலகத்துக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை. அன்று அங்கே இருந்தவர்கள், தாங்கள் அங்கே இருந்ததை ஒப்புக்கொள்வதில்லை. பதினாறும் பதினேழும் மேகமூட்டம். இரண்டு நாளும் ஆர்வில் நடு ரோட்டில் நடந்து வந்து வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரித்தார். வழக்கத்தைவிட என்பதைக் கடையில் எல்லோரும் மனதில் குறித்துக்கொண்டார்கள்.

பதினெட்டாம் தேதி நல்ல வெயில். ஆறரைக்கு எல்லா நாற்காலிகளும் சன்னல் பக்கம் திரும்பியிருந்தன. ஆர்விலின் வண்டி முதல் தடவையாகக் கோபுரத்தடியில் நின்றது. அவர் இறங்கி, தொப்பியை இழுத்துவிட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு பட்டையின் நடுவில் வந்தார். மைலோ பெஞ்சில் சற்றே நகர்ந்து இடம் விட்டு, பகடைக் குவளையை அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்.

பட்டை முடிகிற இடத்தில் ஆர்வில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தாவினார்.