பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழக்கம் பற்றிக் கனமான கட்டுரை ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். 'மனிதன் லாபநட்டம் பார்த்தே முடிவெடுக்கிறான்' என்று தொடங்கிவிட்டு, அந்த மனிதனைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போனேன். மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு மேல் வரச் சொன்னார்கள்.

கட்டுரை அதோடு போயிற்று.

2

தெருக்கோடியில் முன்பு ஒரு சிமெண்ட் கிடங்கு இருந்தது. பதினொரு மணிக்கு லாரி வரும், தூசி பறக்கும், எல்லாக் கடைகளிலும் ஷட்டர் இறங்கும். கிடங்கு இடம் மாறிப் பல காலமாகிறது. ஷட்டர்களுக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

புதிதாகக் கடை போட்ட தையல்காரி மட்டும் திறந்தே வைத்தாள். கணவனுக்கு வேலை போய்விட்டது. இந்தக் கடை ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். எதிரிலிருக்கும் தொழிற்சாலை ஆட்களுக்கு இடைவேளையே அந்த ஒரு மணி நேரம்தான்.

(அவளை வர்ணிக்க 'கருவிழிகளில் ஏதோ ஒரு...' என்று ஆரம்பித்தேன். வேண்டாம், அவளுக்கு வேலை இருக்கிறது.)

3

"ஏம்மா, தெருவுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல?" என்றார் பூட்டுக் கடைக்காரர்.

"லாரிதான் நின்னுபோச்சேண்ணே."

"லாரி நிக்கலாம்மா. நாம நிறுத்த முடியுமா?"

அடுத்து, சட்டைப்பை கிழிந்த ஒரு தொழிலாளி வந்தார்.

"கடை தொறந்திருக்காக்கா?"

"தொறந்துதானே உக்காந்திருக்கேன்! குடுங்க, நின்ன எடத்துலயே தெச்சுத் தர்றேன்."

"இல்லக்கா, இது சாத்துற நேரமாச்சே. பன்னெண்டுக்கு மேல வர்றேன்."

பன்னிரண்டுக்கு ஆலைச் சங்கு ஊதிவிடும். அது அவருக்கும் தெரியும்.

4

முதல் முடிவு: ஒருநாள் கூட்டம் அலைமோதுகிறது, அவள்... (அடித்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.)

இரண்டாவது முடிவு: மணி பதினொன்று. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள்.

"இப்பதாம்மா நீ நம்ம தெரு ஆளு!" என்றார் பூட்டுக் கடைக்காரர், மனதாரச் சந்தோஷப்பட்டு.

இப்படி முடிக்க மாட்டேன்.

5

அதனால் ஷட்டர் பாதியில் நிற்கிறது, அவள் கை அதன் மேல் இருக்கிறது. தள்ளுவதா, இழுப்பதா என்பது யாராவது ஒருவர் உள்ளே வருவதைப் பொறுத்தது. நீங்கள்தான் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். கொஞ்சம் குனிந்தால் உள்ளே போய்விடலாம். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.

தயவுசெய்து மணியை மட்டும் பார்க்காதீர்கள்.

பார்த்துவிட்டீர்களா?